‘போல’ வந்தால் உவமையா? அன்றாடப் பேச்சில் அணிகளை அடையாளம் காணுதல்

தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சி இது. ஒருவர் ஏடாகூடமாக ஏதோ சொல்லிவிடுவார். எதிரில் இருப்பவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். உடனே முதல் ஆள், “அதை நான் உருவகமாகச் சொன்னேன்” என்று நழுவப் பார்ப்பார். அந்தப் பேச்சைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் அதில் உருவகமே இருக்காது. ஒன்று மிகைப்படுத்தியிருப்பார், இல்லையென்றால் பழமொழி ஒன்றை வீசியிருப்பார். பட்டிமன்றத்திலும் இதே கதைதான். “அருமையான உவமை” என்று கைதட்டல் வாங்கும் வரிகளில் பல உவமையே இல்லை.

பள்ளியில் அணி இலக்கணத்தைப் பெயர்ப் பட்டியலாகப் படித்ததுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அணிக்கு ஓர் இலக்கணம், ஒரு செய்யுள், ஒரு விளக்கம் என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிட்டோம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகளை, அதாவது பொருளால் அழகு தரும் அணிகளை மட்டும் 35 ஆகப் பிரிக்கிறது. அத்தனையும் நமக்கு வேண்டாம். ஏழெட்டு வகை பிடிபட்டால் செய்தித்தாள், மேடைப் பேச்சு, பாடல், பஸ் ஸ்டாண்ட் சண்டை எல்லாவற்றுக்கும் போதும். அதற்கு முதலில் செய்யவேண்டியது, பெயர்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவது.

சொன்னது ஒன்று, குறித்தது இன்னொன்று

சென்ட்ரலில் வந்து இறங்கிய ஒருவர் மயிலாப்பூர் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பறக்கும் ரயில் ஏறலாம், பஸ் பிடிக்கலாம், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசலாம். கிளம்பிய இடமும் சேர்ந்த இடமும் மாறவில்லை. போன வழிதான் வேறு.

பேச்சிலும் அப்படித்தான். வாயால் சொன்ன பொருள் ஒன்று இருக்கிறது, மனத்தில் குறித்த பொருள் ஒன்று இருக்கிறது. கேட்பவர் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு நான்கைந்து வழிகள் உண்டு. இரண்டுக்கும் உள்ள ஒப்புமையைப் பிடித்துப் போகலாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தொடர்பைப் பிடித்துப் போகலாம். அளவை ஊதிப் பெரிதாக்கலாம், பொருளைத் தலைகீழாக்கலாம், சொல்லவந்ததை மூடிவைத்துவிட்டு வேறொன்றைச் சொல்லலாம். நாம் படித்த பெயர்களில் பெரும்பாலானவை இந்த வழிகளின் பெயர்கள்தான். ஆகவே ஒரு வரியைப் பார்த்ததும் “இது என்ன அணி?” என்று தேடாமல், “இங்கிருந்து அங்கே எப்படிப் போனேன்?” என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். பொருள் இப்படி நகராத அணிகளும் உண்டு. உள்ளதை உள்ளபடியே அழகாகச் சொல்லும் தன்மை நவிற்சி அவற்றில் ஒன்று. அவற்றை இந்தக் கட்டுரை தொடவில்லை.

உவமையும் ‘போல’ என்ற பொறியும்

“காலை எட்டரை மணிக்கு 29சி பஸ்ஸில் ஆட்களைப் புளிமூட்டை போல அடைத்திருந்தார்கள்.” இது உவமை. நாம் பேசிக்கொண்டிருப்பது ஆட்களைப் பற்றி. இலக்கணத்தில் இதைப் பொருள் அல்லது உவமேயம் என்பார்கள். அதை விளங்கவைக்கக் கொண்டுவந்தது புளிமூட்டை, அதாவது உவமை (உவமானம் என்றும் சொல்வதுண்டு). இரண்டுக்கும் பொதுவானது இடைவெளி இல்லாத திணிப்பு, இது பொதுத்தன்மை. இரண்டையும் இணைத்த ‘போல’ என்ற சொல் உவம உருபு.

பொதுத்தன்மை எதில் இருக்கலாம் என்பதைத் தொல்காப்பியர் நான்காகப் பிரித்துவைத்திருக்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை செயலில் இருக்கிறது. மழை போல வாரி வழங்கினான் என்றால் கிடைக்கும் பயனில். உடுக்கை போன்ற இடை என்றால் வடிவத்தில். பவளம் போன்ற வாய் என்றால் நிறத்தில். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் ஓர் உவமையைப் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது பொறிக்கு வருவோம். ‘போல’ அல்லது ‘மாதிரி’ இருந்தால் உவமை என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டிவிடுகிறார்கள். “மழை வரும் போல இருக்கிறது” என்பதில் ‘போல’ இருக்கிறது. எது எதற்கு உவமை? ஒன்றும் இல்லை, அது வெறும் ஊகம். “அக்காவைப் போலவே தங்கையும் ராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தாள்” என்பதில் ஒப்பீடு இருக்கிறது, ஆனால் அணி இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே இனம், சேர்ந்த செய்தியும் நேரடியான உண்மை. “அவன் அண்ணனைப் போல உயரம்” என்பது தகவல். “அவன் பனைமரம் போல உயரம்” என்பது உவமை. ஒப்பிடப்படும் இரண்டும் வேறு வேறு இனமாக இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. ‘போல’ இல்லாமலே உவமை வரும். எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் கயல்விழி, தேன்மொழி, மலர்விழி என்று யாராவது இருப்பார்கள். கயல் போன்ற விழி, தேன் போன்ற மொழி. நடுவில் இருந்த ‘போன்ற’ மறைந்துவிட்டது, உவமை மறையவில்லை. இப்படி உருபு தொக்கி நிற்பதற்கு உவமைத்தொகை என்று பெயர்.

உருவகம்: வரிசையைக் கவனியுங்கள்

உவமையில் இரண்டு பொருள்களும் தனித்தனியாக நிற்கின்றன. இது அதைப் போல இருக்கிறது, அவ்வளவுதான். உருவகத்தில் அந்த இடைவெளியும் இல்லை. இதுவே அது என்று சொல்லிவிடுகிறோம்.

தமிழில் இதைக் கண்டுபிடிக்க அழகான வசதி ஒன்று இருக்கிறது. மலர்முகம் என்றால் உவமைத்தொகை, முகமலர் என்றால் உருவகம். ஒப்பிடக் கொண்டுவந்தது முன்னால் வந்தால் உவமை. பேசப்படும் பொருள் முன்னால் வந்து, ஒப்பு பின்னால் ஒட்டிக்கொண்டால் உருவகம். பாசவலை, பசிப்பிணி, அறிவுச்சுடர், கல்விக்கடல் எல்லாம் இந்த இரண்டாவது வரிசை. சந்தேகம் வந்தால் நடுவில் ‘என்னும்’ போட்டுப் பாருங்கள். பாசம் என்னும் வலை, பசி என்னும் பிணி என்று சரியாக உட்காரும். ‘கயல் என்னும் விழி’ உட்காராது.

தொகையாக இல்லாமல் முழு வாக்கியமாகவும் உருவகம் வரும். “எங்கள் வீட்டு மொட்டை மாடி மே மாதத்தில் ஒரு தோசைக்கல்.” இதில் ‘போல’ இல்லை, தயக்கமும் இல்லை. மாடியே தோசைக்கல் ஆகிவிட்டது.

இதுவரை பார்த்த இரண்டும் ஒப்புமை வழியில் போகிறவை. உவமை ஒப்பிட்டுக் காட்டுகிறது, உருவகம் ஒன்றாக்கிவிடுகிறது. இரண்டிலுமே “எந்தப் பொதுத்தன்மை?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாகவேண்டும். கிடைக்கவில்லை என்றால் நீங்கள் வேறு வழியில் வந்திருக்கிறீர்கள்.

ஆகுபெயர்: நாள் முழுக்கப் பேசுகிறோம், பெயர்தான் தெரியவில்லை

கண்டக்டர் குரல் கொடுக்கிறார்: “ரெண்டு அடையாறு யாரு? டிக்கெட் வாங்கிட்டீங்களா?” அடையாறு எப்படி டிக்கெட் வாங்கும்? அடையாறு போகிற பயணிகளைத்தான் கேட்கிறார் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சிரிப்பதில்லை. இங்கே பயணிக்கும் அடையாற்றுக்கும் ஒப்புமை எதுவும் கிடையாது. அவர் அங்கே போகிறார் என்ற தொடர்பு மட்டுமே இருக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவந்தால் அது ஆகுபெயர்.

நன்னூல் இதைப் பெயர்ச்சொல் இலக்கணத்தில் வைத்துப் பேசுகிறது, அணிகளோடு சேர்க்கவில்லை. அதனாலேயே அணிகளைப் பேசும்போது பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய நஷ்டமாகப் படுகிறது. பொருள் நகரும் வழிகளில் அன்றாடப் பேச்சில் அதிகமாக ஓடுவது இந்த வழிதான். அதிலும் சென்னைப் பேச்சில் கேட்கவே வேண்டாம்.

“கோட்டை என்ன முடிவெடுக்கப்போகிறது?” என்று செய்தித்தாள் கேட்கிறது. தலைமைச் செயலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இயங்குகிறது, ஆகவே கோட்டை என்றால் அரசு. கோடம்பாக்கம் என்றால் தமிழ் சினிமா. கோடம்பாக்கம், வடபழனி சுற்றுவட்டாரத்தில் ஸ்டூடியோக்கள் நிறைந்திருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். படப்பிடிப்பு எந்த ஊரில் நடந்தாலும் “கோடம்பாக்கத்தில் பரபரப்பு” என்றுதான் எழுதுகிறார்கள். தொடர்பு மெலிந்த பிறகும் பெயர் அப்படியே நிற்கிறது. இவை இரண்டும் இடவாகுபெயர்.

மயிலாப்பூர் மாட வீதியில் பூ வாங்கும்போது “ரெண்டு முழம் குடுங்கம்மா” என்கிறோம். முழம் என்பது அளவு, நாம் கேட்டது பூவை. நீட்டலளவை ஆகுபெயர். “மல்லிகை வெச்சுக்கிட்டு வந்தா” என்றால், மல்லிகை என்ற கொடியின் பெயர் அதன் பூவுக்கு ஆகிவந்திருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். வெள்ளை என்பது நிறத்தின் பெயர், பூசுவதோ சுண்ணாம்பு. சீட்டுக் கட்டி வேன் பிடித்து மாமல்லபுரம் போகும்போது “தலைக்கு எவ்வளவு?” என்று கேட்கிறோம். ஆளின் ஓர் உறுப்பு முழு ஆளுக்கும் நிற்கிறது.

உள்வகைகளின் பெயர்கள் நினைவில் நிற்காவிட்டால் பரவாயில்லை. தேர்வு எழுதுபவர்களுக்கு வேண்டும், மற்றவர்களுக்கு அவசியமில்லை. உருவகத்திலிருந்து ஆகுபெயரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்கு ‘போன்ற’ போட்டுப் பாருங்கள். “கோட்டை போன்ற அரசு” என்றால் பொருள் மாறிவிடுகிறது, “கோட்டையில் இருக்கும் அரசு” என்றால் சரியாக இருக்கிறது. ‘போன்ற’ உட்கார்ந்தால் ஒப்புமை. ‘இல் இருக்கும்’, ‘உடைய’, ‘அளவுள்ள’ என்பவற்றில் ஏதாவது உட்கார்ந்தால் தொடர்பு.

ஒரே ஓர் இடத்தில் இந்தச் சோதனை கைவிடும். “காளை வந்தான்” என்று ஓர் இளைஞனைச் சொன்னால், ஒப்புமை தெளிவாக இருந்தும் இலக்கணம் அதை உவமையாகுபெயர் என்று ஆகுபெயர்க் கணக்கில்தான் வைக்கிறது. பேசப்படும் ஆளின் பெயரே இல்லாமல் உவமையின் பெயர் மட்டும் வந்து நிற்பதால் அப்படி. எல்லைக்கோட்டு வழக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊதிப் பெருக்குவதும் தலைகீழாக்குவதும்

“கத்திரி வெயிலில் மண்டை பிளக்குது.” “ஆயிரம் தடவை சொல்லிட்டேன்.” இவை உயர்வு நவிற்சி. அளவை நம்பமுடியாத எல்லைக்குத் தள்ளி, உணர்ச்சியின் வேகத்தைக் காட்டுவது. நம்பமுடியாமல் இருப்பதுதான் இதன் உயிர். கிண்டி சிக்னலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு “ஒரு யுகமா நிக்கிறேன்” என்றால் அது உயர்வு நவிற்சி, அலுவலகத்தில் யாரும் அதைப் பதிவேட்டில் எழுதமாட்டார்கள். “முக்கால் மணி நேரம் நின்னேன் சார்” என்றால் நம்பிவிடுவார்கள். அது அணி இல்லை, பொய். மேடையில் தப்பான புள்ளிவிவரத்தை அடித்துவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு மிகைப்படுத்தல் என்று சமாளிப்பவர்களை இந்த இடத்தில் பிடிக்கலாம்.

தலைகீழ் வழியில் புகழ்வது போலப் பழிப்பது வஞ்சப்புகழ்ச்சி. “தேவர் அனையர் கயவர்” என்று வள்ளுவர் தொடங்குகிறார். அடடா, கயவரைத் தேவரோடு சேர்க்கிறாரே என்று பார்த்தால், இருவரும் தாம் விரும்பியதை விரும்பியபடி செய்கிறவர்கள் என்று முடிக்கிறார். பழிப்பது போலப் புகழ்வதும் இதே அணிதான். முதல் வகைக்கே அன்றாட உதாரணம் ஒன்று: ஐப்பசி மழையில் வேளச்சேரித் தெருவில் முழங்கால் தண்ணீரில் நிற்பவர், “என்னமா ரோடு போட்டிருக்காங்க பாருங்க, படகு விடலாம்” என்பார். பாராட்டு இல்லை என்பதை அவர் குரலும் நனைந்த வேட்டியும் சொல்லிவிடும். அதையே வாட்ஸ்அப்பில் தட்டினால் குரல் போய்விடுகிறது, சூழ்நிலை தெரியாதவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார். இணையத்தில் நடக்கும் பாதிச் சண்டை இப்படித் தொடங்குவதுதான். (இந்தப் ‘பாதி’ உயர்வு நவிற்சி.)

ஒப்புமை, தொடர்பு, மிகை, தலைகீழ் என்று நான்கு வழிகள் ஆயிற்று. இவற்றில் சொல்லவந்த பொருள் வாக்கியத்திலோ சூழ்நிலையிலோ எங்காவது கண்ணில் படும். அடுத்த வகையில் அதுவும் படாது.

மூடிவைத்துச் சொல்வது: பிறிது மொழிதல்

“பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்” என்பது 475ஆம் குறள். மயிலிறகாகவே இருந்தாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். குறளில் இருப்பது வண்டி மட்டும்தான். பகைவர் ஒவ்வொருவரும் எளியவராக இருந்தாலும் பலர் சேர்ந்தால் வலியவனும் தாங்கமாட்டான் என்ற செய்தி குறளில் ஓர் இடத்திலும் இல்லை. கேட்பவரே எடுத்துக்கொள்ளவேண்டும். உவமையை மட்டும் சொல்லிப் பொருளை விட்டுவிடுவதால் இது பிறிது மொழிதல்.

பழமொழிகள் நிறைய இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. சம்பந்தம் பேசிவிட்டு வந்த இடத்தில் பெரியம்மா, “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு யாரும் அவரைக் குற்றம் சொல்லமுடியாது. அதே பழமொழியைச் சொல்லி “அது மாதிரிதான் இந்த மாப்பிள்ளையும்” என்று சேர்த்திருந்தால் மூடி திறந்துவிடும், உவமையாகிவிடும்.

மரபுத்தொடரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. “கடன் வாங்கிட்டு கம்பி நீட்டிட்டான்”, “காதுல பூ சுத்தாதே”, “அவனுக்கு அல்வா குடுத்துட்டாங்க” என்பவற்றில் வழி பழகித் தேய்ந்து மூடிவிட்டது. கம்பிக்கும் ஓடிப்போவதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துப் பொருளுக்கு வரமுடியாது, பழக்கத்தில் தெரிந்திருக்கவேண்டும். ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அல்வாவுக்குப் பதில் ஜாங்கிரி கொடுத்தார்கள் என்றால், நிஜமாகவே ஸ்வீட் கொடுத்தார்கள் என்றுதான் பொருள்.

கொடி ஏன் அசைந்தது? தற்குறிப்பேற்றம்

இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது இது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. கொடி என்றால் காற்றில் அசையத்தான் செய்யும். இளங்கோவோ, ‘வராதீர்கள்’ என்று கைகாட்டி மறிப்பது போல அசைந்தன என்கிறார். கதை தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

உயிரில்லாததை ஆள் போலப் பேசினாலே தற்குறிப்பேற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். “மெரினாவில் அலை கரையைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடியது” என்றால் அலையை ஆளாக்கியிருக்கிறோம், அவ்வளவே. “ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுதான் அலை திரும்பி ஓடியது” என்றால் தற்குறிப்பேற்றம். இங்கே அலை திரும்புவதற்கு இயற்கையான காரணம் ஒன்று இருக்க, நாமாக வேறொரு காரணத்தை ஏற்றியிருக்கிறோம். ஏற்றிய காரணம் எது என்று விரல் வைத்துக் காட்டமுடிகிறதா என்று பாருங்கள்.

சிலேடையை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஒரே சொல் இரண்டு பொருளில் நிற்பது, இரட்டுற மொழிதல் என்றும் பெயர். “சென்னையில் கூவம், அடையாறு, கொசஸ்தலை, மூணு ஆறு, மொத்தம் எவ்வளவு?” “பதினெட்டு!” காளமேகப் புலவர் இதைவிட நன்றாகச் செய்வார்.

ஒரே மூச்சில் பல

நிஜப் பேச்சில் இவை தனித்தனியாக வருவதில்லை. கிரிக்கெட் பார்த்துவிட்டு வந்த ஒருவர் சொல்கிறார்: “நம்ம ஆளு இறங்கினதும் சேப்பாக்கமே எழுந்து நின்னுச்சு, சத்தத்துல காது கிழிஞ்சிடுச்சு. கடைசில முட்டை வாங்கிட்டு வந்துட்டான். நல்லா விளையாடினான் போ!”

சேப்பாக்கம் எழுந்தது என்பது இடவாகுபெயர். அந்த ‘ஏ’ சேர்ந்து எல்லோரும் எழுந்தார்கள் என்று ஊதியதால் கொஞ்சம் உயர்வு நவிற்சியும்கூட. காது கிழிந்தது முழு உயர்வு நவிற்சி. “நல்லா விளையாடினான் போ” என்பதில் புகழ்ச்சி தலைகீழாகியிருக்கிறது. மிச்சம் இருப்பது முட்டை. பூஜ்யத்தின் வடிவம் முட்டையின் வடிவம், ஆகவே தொல்காப்பியரின் நான்கில் மெய் ஒப்புமை. பூஜ்யம் என்ற சொல்லே வராமல் முட்டை மட்டும் வந்ததால் உவமையாகுபெயர் என்று ஒருவர் வாதாடலாம். இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே பழகித் தேய்ந்த மரபுத்தொடர் என்று இன்னொருவர் மறுக்கலாம். நான் இரண்டாவது ஆளின் பக்கம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் “ஆம்லெட் போட்டுடலாம் விடு” என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நானும் கட்சி மாறவேண்டியதுதான். தேய்ந்த முட்டைக்கு அந்த நொடியில் மறுபடி ஓடு முளைத்துவிடுகிறது.